'நல்லாத்தான் இருக்கேன்' என்றால் நம்பாத ஊர்

1

நேற்று ஒரு சீப்பு வாங்கினேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு வருடமாக எனக்குச் சீப்பு தேவைப்படவில்லை. போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் முடி கொடுத்துவிட்டு வந்தவள் நான். இப்போது காதை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. காலையில் எழுந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி முன்னால் சீப்பு சிக்கி இழுத்தபோது 'ஆ' என்று கத்தினேன். எவ்வளவு சந்தோஷமான வலி!

இன்று மறுபடியும் ஆடிக் கிருத்திகை. விடிந்ததிலிருந்து போனில் ஊர் வந்துகொண்டே இருக்கிறது. தம்பி மஞ்சள் வேட்டியில் புஷ்பக் காவடி தூக்கிக்கொண்டு நிற்கிறான். பின்னால் பஸ் ஸ்டாண்ட் தெரிகிறது. ஒரே தலைகள். பாதி மொட்டை, மீதி மொட்டை அடிக்கப் போகிற தலை. "அக்கா, அரோகரா சொல்லு!" என்று கத்துகிறான். நான் இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊரில், மதிய ஷிஃப்டுக்குச் சீருடைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரி பயந்துவிடாத சத்தத்தில் அரோகரா சொன்னேன்.

முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை. பெயர் லோகநாயகி. இங்கே 'லோகா'. ஆர்.கே.பேட்டையில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்து அவர் எனக்கு 'பாவா'. கல்யாணத்துக்குப் பிறகும் அதே பாவாதான். இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் தணிகா பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறவள் அப்பாவைக் கூப்பிடும் 'நைனா'வை மட்டும் விடவில்லை. அவள் அப்பாவின் பெயரே நைனாதான் என்று அவளுடைய தோழிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மொட்டை எனக்கு என்ன வேலை பார்த்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். திருத்தணி ஸ்டேஷன் பக்கத்துக் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து ஆங்கிலம் உருப்போட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இது உதவும். உங்கள் புத்தகத்தில் இது இருக்காது.

2

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றுப் பிறகு தேறினேன். தேறிய பெருமையோடு இங்கே வந்து இறங்கினால், நான் படித்த ஆங்கிலத்தை ஒருவரும் பேசவில்லை.

முதல் நாள் காலையில் எதிரில் வந்த எல்லோரும் "ஆல்ரைட்?" என்றார்கள். முகத்தில் ஏதோ தெரிகிறது போல, அதனால் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, தூக்கம் சரியில்லை, விமானத்தில் கால் வீங்கிவிட்டது என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். பாவம், கேட்டவள் தேநீர்க் கோப்பையோடு நின்றபடி கேட்டாள். பிறகுதான் புரிந்தது. நம் பஜார் தெருவில் எதிரே வருகிறவர் "இன்னா, சாப்டாச்சா?" என்று கேட்டால் நாம் குழம்பு என்ன, பொரியல் என்ன என்று நின்று சொல்கிறோமா? "ஆச்சுங்க" என்று நடந்துகொண்டே போகிறோம். இதுவும் அதுதான். "ஆல்ரைட்?" என்றால் திரும்ப "ஆல்ரைட்?" என்றே சொல்ல வேண்டும். கேள்விக்குக் கேள்வியே பதில்.

நன்றி என்பதற்கு இவர்கள் சொல்வது "டா". எண்பது வயதுக் கிழவர் முதல் நாள் கஞ்சியை வாங்கிக்கொண்டு என்னை "டா" என்றார். நம்மூராக இருந்தால் நடப்பதே வேறு. "யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்" என்றால் வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 'ஒரு நாளைக்கு வாங்க' என்று நாம் பஸ் கிளம்பும்போது சொல்வோமே, அந்த ரகம். "ஐ வில் பேர் இட் இன் மைண்ட்" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. "ஐ வில் லெட் யூ கோ" என்று போனில் சொன்னால், உனக்கு வேலை இருக்கும் என்ற அக்கறை அல்ல, 'எனக்குப் போதும்மா, வை' என்பது.

இதையெல்லாம் ஒரு வருடத்தில் பிடித்துவிட்டேன். பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். இவர்கள் பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிச் சொல்வார்கள். நமக்குத் தலைவலி வந்தாலே 'மண்டை வெடிக்குது, உயிர் போவுது' என்கிறோம். இங்கே நிஜமாகவே உயிர் போகும்போது "பிட் அண்டர் த வெதர்", அதாவது கொஞ்சம் உடம்பு சரியில்லை, என்பார்கள். எங்கள் இல்லத்தில் வால்டர் என்று ஒருவர் இருக்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு "நாட் டூ பேட், லாஸ்" என்றார். 'லாஸ்' என்றால் பெண்ணே என்று அர்த்தம், நஷ்டம் இல்லை. மோசமில்லை என்கிறாரே என்று நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. நிமோனியா. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர் அப்போதும் "நாட் டூ பேட்" என்றுதான் சொன்னார்.

இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நடந்ததெல்லாம் இதனால்தான்.

3

முடிக்கு வருகிறேன். இரண்டாம் முறை தேர்வில் தோற்ற அன்று மலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன். 'முருகா, என் வாயைத் திறந்துவிடு. தேறிப் போய் ஒரு வேலையில் நிலைத்துவிட்டால் முடி கொடுக்கிறேன்.' தேறினேன், வந்தேன், நிலைத்தேன். லீவுதான் கிடைக்கவில்லை. கடன் வைக்கக் கூடாத இடத்தில் கடன் நின்றது. போன வருடம் ஒருவழியாக மேலாளர் ஜேனட்டிடம் மூன்று வாரம் லீவு கேட்டேன். எதற்கு என்றாள். "ஊரில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை முடிக்க வேண்டும்" என்றேன். அவள் முகம் கனிந்தது. உடனே கையெழுத்துப் போட்டாள்.

மலையில் முடி எடுக்கிறவர், "இன்னாம்மா, பூமுடியா, முழுசாவா?" என்றார். பெண்கள் பலர் நுனியில் மூன்று கத்தரிப்போடு முடித்துக்கொள்வார்கள். அதுதான் பூமுடி.

"முழுசா எடுங்க. முழுசா வேண்டிகினேன்."

பாவா பக்கத்தில் உட்கார்ந்து தலையை நீட்டினார். "நீ மட்டும் மொட்டையா வந்து நான் கிராப்போட நின்னா, எனுக்குப் பொண்ணு பாக்க வந்துடுவாங்க" என்றார். தணிகா முடி கொடுக்கவில்லை. வீடியோ எடுத்தாள். எங்களைச் சுற்றிக் கைக்குழந்தை, கல்யாணமான புதுப்பெண், போலீஸ்காரர், காலேஜ் பையன் என்று எல்லோரும் மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம்.

இங்கிலாந்து திரும்பும் வரை அந்த மொட்டையோடு பஸ்ஸில் போனேன், சென்னைக்கு ரயிலில் போனேன், துணிக்கடைக்குப் போனேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அதையும் முன்பின் தெரியாதவர்கள் நேருக்கு நேராகக் கேட்டார்கள். "திருப்பதியா, தணிகையா?"

"தணிகை."

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பி வேர்க்கடலை தின்கிறார்கள். எங்கள் பக்கம் மொட்டைக்கு விளக்கம் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நான் விமானம் ஏறி வேலைக்குத் திரும்பினேன். இங்கேயும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

4

திரும்பி வந்த முதல் நாள் என்னைப் பார்த்ததும் கெல்லி ஒரு நொடி நின்றாள். என்னோடு அதே ஷிஃப்டில் வேலை செய்கிறவள் அவள். பிறகு சிரித்து, "இட் சூட்ஸ் யூ" என்று அழுத்தமாகக் கட்டிப்பிடித்தாள். ஜேனட் தோளைத் தட்டி "கீப் யுவர் சின் அப்" என்றாள். சமையல்காரர் "ஹேங் இன் தேர்" என்றார். "ஒன் டே அட் அ டைம்" என்றார் தோட்டக்காரர். "யூ ஆர் அ ஃபைட்டர்" என்று வேறொருத்தி காதோடு சொன்னாள்.

நான் இவற்றையெல்லாம் 'ஆல்ரைட்?' கணக்கில் சேர்த்தேன். புதுசு புதுசாக முகமன் சொல்கிறார்கள், பரவாயில்லை, நம்மை நெருங்கிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். 'முகவாயைத் தூக்கி வை' என்றதும் நிமிர்ந்து நடந்தேன். அடடா, என்ன தைரியம் என்று பார்த்திருப்பார்கள்.

பாவாவுக்கும் அவருடைய தொழிற்சாலையில் ஏக மரியாதை. இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். ஒருவன் கண் கலங்கி "குட் மேன்" என்றானாம். "மொட்ட அடிச்சதுக்கு இவ்ளோ மருவாதின்னு தெரிஞ்சா மாசா மாசம் அடிச்சிகினு இருப்பேன்" என்றார் பாவா. பெண்டாட்டிக்கு வைத்தியத்தில் முடி கொட்டினால் துணைக்குக் கணவனும் மழித்துக்கொள்வது இங்கே வழக்கம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அதற்குள் வீட்டு வாசலில் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. வேலைக்குப் போய்த் திரும்பினால் கண்ணாடிப் பாத்திரத்தில் லசானியா. இன்னொரு நாள் கோழி. கூடவே 'உன்னை நினைத்துக்கொள்கிறோம்' என்று பூப்போட்ட அட்டை. ஆடி மாதத்தில் நம்மூரில் கூழ் ஊற்றுவது போல இங்கேயும் ஏதோ இருக்கிறது என்று வாங்கிக்கொண்டேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாமா? எங்கள் வீட்டில் அது பாவம். ஒன்றில் எலுமிச்சை சாதம், ஒன்றில் கேசரி, ஒன்றில் சுண்டல் என்று நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர்கள் வாசற்படியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'இந்த நிலைமையிலும் நமக்குச் சமைத்துக்கொண்டு வருகிறாளே!' மறுநாள் இரண்டு லசானியா வந்தது. நானும் இரட்டிப்பாக நிரப்பினேன்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். எனக்கு ஊரே கூடிப் போட்டது.

5

செப்டம்பரில் சீனியர் கேரர், அதாவது மூத்த பராமரிப்பாளர், வேலைக்கு அறிவிப்பு வந்தது. ஷிஃப்டை நடத்துவது, மருந்து கொடுப்பது, அடுத்த ஷிஃப்டுக்கு ஒவ்வொருவர் நிலைமையையும் எடுத்துச் சொல்வது எல்லாம் சீனியர் பொறுப்பு. அந்த வேலைக்காகவே நான் காத்திருந்தேன். ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் விசா முடிகிற வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. சீனியர் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் இல்லம் மறுபடியும் விசாவுக்குப் பொறுப்பு ஏற்கும், மற்றவர்களுக்குச் சொல்ல முடியாது என்று பேச்சு. அது கிடைக்காவிட்டால் மகளின் படிப்பைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அறிவிப்பு வந்த அன்றே ஜேனட் அறைக்குப் போய், விண்ணப்பிக்கிறேன் என்றேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டோன்ட் யூ வொர்ரி அபவுட் தட் நவ், லவ். யூ ஹேவ் காட் இனஃப் ஆன் யுவர் ப்ளேட்."

வீட்டுக்கு வந்து தணிகாவிடம் கேட்டேன். "உன் தட்டுல ஏற்கெனவே நிறைய இருக்குன்னு அர்த்தம் மா. கவலை, பிரச்சினை, அந்த மாதிரி" என்றாள் போனைப் பார்த்தபடி.

"எனுக்கு இன்னாடி கவலை? இந்த வேலை கெடைக்கலன்னாதான் கவலை."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள், நைச்சியமாகப் பேசிக் கெல்லிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று வீடு முழுக்கக் கத்தினேன்.

"இன்னாத்துக்கு செவுத்தாண்ட கத்தினு கீற? அங்க போய் கேளு" என்றார் பாவா.

கேட்பதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. மறுநாள் வால்டருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "உனக்கு எவ்வளவு நாள் என்று சொல்லியிருக்கிறார்கள், பெண்ணே?"

"எதற்கு எவ்வளவு நாள்?"

"கேன்சர். இங்கே எவனும் கேட்க மாட்டான். எனக்கு இனிமேல் என்ன நாகரிகம்? அதனால் கேட்கிறேன்."

ரேசரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவருடைய கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முகவாயைத் தூக்கு, பிடித்துத் தொங்கு, ஒவ்வொரு நாளாகப் பார், நீ போராளி. ஒவ்வொன்றாக வந்து மண்டையில் விழுந்தது. லசானியா விழுந்தது. பாவாவின் கைகுலுக்கல் விழுந்தது. ஜேனட் லீவுக்குக் கையெழுத்துப் போட்ட வேகமும் விழுந்தது. 'வாக்கை முடிக்க வேண்டும்' என்றதை, கடைசியாகச் சொந்தங்களைப் பார்க்கப் போகிறேன் என்றல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

வால்டரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு மலை. அதன் மேல் ஒரு சாமி. உங்கள் பாஷையில் தேறியதற்காக அவருக்கு என் முடியைக் கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் நுரை என் சட்டையெல்லாம் தெறித்தது. இருமி அடங்கியதும், "அப்படியானால் கீழே போய்ச் சொல். அவர்கள் உன்னைப் பாதி புதைத்துவிட்டார்கள்" என்றார்.

6

போய்ச் சொன்னேன். சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

கெல்லியிடம், "ஐ ஆம் ஃபைன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை" என்றேன். "கோர்ஸ் யூ ஆர்" என்று கண் கலங்கக் கட்டிக்கொண்டாள். ஜேனட்டிடம், "நான் நன்றாக இருக்கிறேன், எனக்கு நோய் எதுவும் இல்லை, தலைமுடி கோயிலுக்கு" என்றேன். "தட்ஸ் த ஸ்பிரிட்!" என்று என் மனத்தைரியத்தை மெச்சினாள். சாகக் கிடக்கிறவர் 'மோசமில்லை' என்று சொல்கிற ஊரில், நன்றாக இருக்கிறேன் என்பவளை யார் நம்புவார்கள்? கோயில் என்று சொன்னது, கடைசிக் காலத்தில் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டாள் என்று ஆகிவிட்டது.

என் பக்கமும் ஒரு கோளாறு இருந்தது. அந்த வியாதியின் பெயரை நான் சொல்லவில்லை. நாக்கு வரவில்லை. நம் வீடுகளில் அதை 'அந்த வியாதி' என்போம், 'கெட்ட நோய்' என்போம். பெயரைச் சொன்னால் நம்மைப் பார்த்துத் திரும்பிவிடும் என்று ஒரு பயம். வெள்ளைக்காரர்கள் பூசி மெழுகுகிறார்கள் என்று சிரிக்கிறோமே, நாமும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான்.

சாயங்காலம் சாப்பிடும்போது தணிகாவைக் கேட்டேன். "எல்லாரும் எனுக்கு அந்த வியாதின்னு நெனச்சிகினு கீறாங்க. உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் அதே பேச்சுதானாம். டீச்சர் கட்டுரை எழுத இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறாராம். இவள் வாங்கிக்கொண்டாளாம்.

"இல்லன்னு ஏன்டி சொல்லல?"

அவள் சோற்றை விரலால் ஒதுக்கினாள். "கேன்சர்னா எல்லாருக்கும் புரியும் மா. மொட்டைனா புரியாது."

எனக்கு அழுகை வந்தது. பெற்ற மகளுக்குத் தன் அம்மாவின் வேண்டுதலை நாலு பேரிடம் சொல்வதைவிட, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று விட்டுவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது. இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம்? அவளைத் திட்டிப் பயனில்லை என்றும் தெரிந்தது. பதினைந்து வயதில் ஒரு வகுப்பறை முழுக்க விளக்கம் சொல்லி நிற்பது லேசு இல்லை. நானே இரண்டு பேரிடம் சொல்லித் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"மலையில எடுத்தியே, அந்த வீடியோவை எனுக்கு அனுப்பு."

"எதுக்கு? அவங்ககிட்ட போட்டுக் காட்டப் போறியா? வேணாம் மா. அசிங்கமா இருக்கும்."

"எது அசிங்கம்? உங்கம்மா உயிரோட கீறது அசிங்கமா? அனுப்புடி."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அனுப்பியிருந்தாள்.

7

விண்ணப்பம் வாங்குவதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் மதியம், காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் கை மாறுகிற நேரம், எல்லோரும் பெரிய கூடத்தில் இருந்தார்கள். முதியவர்களும் தேநீருக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜேனட்டிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். அவள் கெல்லியைப் பார்த்தாள். கெல்லி கைக்குட்டையை எடுத்தாள். விடைபெறப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

போனை டிவியில் இணைத்து வீடியோவைப் போட்டேன். திருத்தணி மலை யார்க்‌ஷயர் கூடத்தின் சுவரில் வந்து நின்றது. மண்டபம் நிறைய மொட்டைகள். ஒரு கைக்குழந்தை மொட்டையைத் தடவிப் பார்த்துச் சிரிக்கிறது. புதுப்பெண் சந்தனத் தலையோடு செல்ஃபி எடுக்கிறாள். பாவா தலை குனிந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார். கடைசியில் என் கூந்தல் கொத்தாக விழுகிறது, நான் கும்பிடுகிறேன்.

"இத்தனை பேருக்குமா கேன்சர் இருக்கும்?" என்றார் வால்டர், தன் நாற்காலியிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் எழுந்து நின்றேன். கோச்சிங் சென்டர் ஆங்கிலமும் வேண்டாம், இவர்களுடைய சுற்றி வளைத்த ஆங்கிலமும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். திருத்தணிப் பேச்சை ஆங்கில வார்த்தைகளில் போட்டு நேராகப் பேசினேன்.

"எனக்குக் கேன்சர் இல்லை." முதல் முறையாக அந்தப் பெயரைச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. "நான் தைரியசாலி இல்லை. எதோடும் போராடவில்லை. நீங்கள் கொடுத்த சாப்பாடு ருசியாக இருந்தது. உங்கள் அன்பு எனக்கு வேண்டும், பரிதாபம் வேண்டாம். எங்கள் ஊரில் சாமிக்கு நன்றி சொல்ல முடியைக் கொடுப்போம். நான் இங்கிலீஷில் தேறியதற்குக் கொடுத்தேன். என் தட்டில் ஒன்றும் இல்லை, ஜேனட். தட்டு காலி. எனக்குச் சீனியர் வேலை வேண்டும்."

இங்கிலாந்தில் யாரும் இப்படி எனக்கு இது வேண்டும் என்று நடுக்கூடத்தில் நின்று கேட்க மாட்டார்கள். முதலில் கெல்லிதான் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் துடைக்க எடுத்த கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "நான் உனக்காகத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், தெரியுமா?" என்றாள். "அது வீண் போகாது. வேலைக்கு வேண்டிக்கொள்" என்றேன். கூடமே சிரித்தது. ஜேனட் முகம் சிவந்து போய், என்னிடம் வந்து, சுற்றி வளைக்காமல் ஒரு வார்த்தை சொன்னாள்: "சாரி." பிறகு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேர்முகத்தில் கடைசிக் கேள்வி: "இங்கே இருப்பவர்கள் உடம்பு முடியாவிட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்பார்கள். நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"நன்றாக இருந்தவளை நோயாளி என்று நீங்கள் எல்லோரும் முடிவு கட்டினீர்கள். வால்டர் ஒருவர்தான் கேட்டார். நான் கேட்பேன். உட்கார்ந்து கேட்பேன்."

வேலை எனக்குக் கிடைத்தது. நான் கூடத்தில் பேசிய மறுநாளே தணிகா தானாக டீச்சரிடம் போய், என் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். கட்டுரையை இரண்டே நாளில் எழுத வேண்டியதாயிற்று. "உன்னால தான்" என்று முறைத்தாள். "ஆங், என்னாலதான். எழுது" என்றேன். அந்த வீடியோவை வகுப்பில் யாருக்காவது காட்டினாளா என்று நான் கேட்கவில்லை. அது அவள் பாடு.

8

கோச்சிங் சென்டர் பெண்களே, சொலவடைகளைப் படியுங்கள். இவர்களும் உள்ளன்போடுதான் அவற்றைச் சொல்கிறார்கள். ஆனால் அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். நம்மூர் ரயிலில் முன்பின் தெரியாதவர் "திருப்பதியா, தணிகையா?" என்று கேட்பாரே, அந்தத் துணிச்சலையும் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள்.

இன்று மதியம் புதுச் சீப்பால் தலையைப் படிய வாரிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன். வால்டரின் அறையில் திரைச்சீலை பாதி மூடியிருந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. டாக்டர் காலையில் வந்து போயிருக்கிறார். இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

"ஆல்ரைட், வால்டர்?"

"நாட் டூ பேட், லாஸ்."

வெளியே என் ஷிஃப்டின் மற்ற ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நாற்காலியை அவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டேன்.

"வால்டர், நேராகக் கேட்கிறேன். பயமாக இருக்கிறதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். வளர்ந்துவிட்டதே என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். பிறகு இந்தப் பக்கத்துக்காரர்கள் 'ஆமாம்' என்பதற்குச் சொல்கிற வார்த்தையை, நம்மூரில் 'ஆங்' என்போமே, அதே இழுப்பில் சொன்னார்.

"ஐ."

நான் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டினார்.